ஐந்தரை மணிப் பெரட்டு

பாடாங் செராயில் மோட்டார் சாமான் கடைக்கு மேல்மாடி.
படியேறும்போதே கருப்பெண்ணெய் வாசம்.
அங்கேதான் எட்டு மாதம்
எட்டுக் கம்பிகளை வரிசையில் நிறுத்தப் படித்தோம்.
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்,
வெள்ளை நீலம், பச்சை...
யுகேந்திரன் அதை நாலு நம்பர் மாதிரி முணுமுணுப்பான்.
ஷர்மளாவுக்கு இரவில் கையுறை ஆலை, காலையில் வகுப்பு.
கிரிம்பரைப் பிடித்தபடியே தூங்கிவிடுவாள்.
சிக்கு ரோஸ்டி எழுப்ப மாட்டார்.
அவள் முடித்த கேபிளை எடுத்துச்
சோதனைப் பெட்டியில் செருகுவார்.
எட்டு விளக்கும் எரியும்.

சேர்ந்தது பதினேழு பேர்.
சான்றிதழ் வாங்க வந்தது ஒன்பது.
மீதிப்பேர் எங்கே என்கிறீர்களா?
நேற்றிரவு உங்கள் வீட்டுக்கு நாசி கோரேங் கொண்டுவந்தவன்
தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தால் தெரிந்திருக்கும்.

கூலிம் தொழிற்பேட்டையில் நேர்முகம்.
குளிர்சாதனம் எலும்புவரை போனது.
மூன்று வருட அனுபவம் உண்டா என்றாள்.
எனக்குப் பத்தொன்பது வயது.
பதினாறில் வந்திருந்தால்
பள்ளிக்குப் போ என்று துரத்தியிருப்பாள்.

கடைசியில் கைரேகைப் பெட்டி விற்கும் கம்பெனி.
ஒரு வேன், ஓர் ஏணி, ஒரு மிஸ்டர் லிம்.
முதல் வேலையே சுங்கை கெலுபி தோட்டம், மூன்றாம் டிவிஷன்.
முந்தின நாளே போய்ப் பெட்டியை மாட்டினேன்.
ஐந்தே முக்காலுக்குப் பின் வைக்கும் விரலுக்கு
அரைப்பேர் என்று கிராணி சொன்னார்.
சொன்னதை அமைப்பில் டிக் அடித்தேன்.
ஒரு டிக்தானே.

மறுநாள் பெரட்டு.
இருட்டில் நாற்பத்தொரு பேர்,
தோளில் நீளக் கம்பு, நுனியில் சாக்குச் சுற்றிய அரிவாள்.
முதலில் ரஃபிக்குல். பங்களா தேசத்தான்.
கட்டைவிரலை வைத்தான்.
சிலா சுபா லாகி, என்றது பெட்டி,
வங்கியில் பேசுகிற அதே பெண் குரலில்.
கண்ணாடியைத் துடைத்தேன். சிலா சுபா லாகி.
அவன் விரலைச் சட்டையில் துடைத்தான். சிலா சுபா லாகி.
பிடித்துப் பார்த்தேன்.
தேய்ந்த ஐம்பது காசு மாதிரி வழவழவென்று இருந்தது,
ஒரு கோடு கிடையாது.
செம்பனை முள்ளும் உர மூட்டையும் தின்றது போக
மிச்சம் வெறும் தோல்.
"ஜாரி சுடா ஹாபிஸ்," என்று சிரித்தான்.
விரல் தீர்ந்துபோச்சாம்.

மணி ஐந்து நாற்பத்தொன்று.
பின்னால் நாற்பது கட்டைவிரல்.
எட்டு மாதப் பாடத்தில் இதற்குப் பக்கம் இல்லை.
கிராணி கடிகாரத்தைப் பார்த்தார்,
நான் நேற்று வைத்த டிக்கைப் பார்த்தேன்.

என்ன தோன்றியதோ,
இடதுகைச் சுண்டுவிரலை நீட்டச் சொன்னேன்.
கம்பு பிடிக்கையில் சும்மா தொங்கும் விரல்,
அதைத் தோட்டம் இன்னும் தின்னவில்லை.
புதிதாகப் பதிந்தேன். மூன்று தடவை அழுத்தினான்.
தெரிமா காசே.
வரிசையே சிரித்தது.

ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும்
கடைசி ஆளுக்கு விடிந்துவிடும்.
அதனால் ஐந்தே முக்காலை ஆறே முக்கால் ஆக்கினேன்.
எதுவரை என்று கேட்ட கட்டத்தில்
எதையும் எழுதவில்லை.
"டெஸ்டிங், ஐயா," என்றேன் கிராணியிடம்.
கணினி வார்த்தைக்கு அவர் மறுபேச்சுப் பேசமாட்டார்.

வேனில் உட்கார்ந்து அறிக்கையை நிரப்பினேன்.
பழுது: பயனர் விரலா, கருவியா?
கருவி.
மிஸ்டர் லிம் திட்டுவார், திட்டட்டும்.
நிர்வாகிக் கடவுச்சொல் எட்டு நிறங்கள், வரிசை மாறாமல்.
அதை இன்னும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஷர்மளாவிடமிருந்து வாட்சாப்:
ஒங்க கம்பெனில ஆள் எடுக்குறாங்களா?
ஏணி ஏறுவியா, என்று கேட்டேன்.
ரெண்டு நீலக் கோடு விழுந்தது.
வெகுநேரம் கழித்துப் பதில்:
ஏறுவேன். பகல்லயா, ராத்திரியிலயா?