மணமாகாதவன் என்பதற்கு

திருச்செங்கோட்டில் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று
தெரியாத ஆள் கிடையாது.
ரிக் பட்டறையில் வெல்டிங் அடிக்கும் பையன்கூடக் கேட்பான்,
'ஏனுங்ணா, இந்தத் தையிலயாச்சும்?'
அதை எழுத்தில் கொடு என்று கேட்டது
சாம்பியா நாட்டுச் சர்க்கார்தான்.

சங்ககிரி ரோட்டில் நோட்டரி பூங்கோதை ஆபீஸ், மாடியில்.
பாஸ்போர்ட் ஜெராக்ஸ், போட்டோ நாலு,
இருபது ரூபாய்ப் பத்திரம் ஒன்று.
ஜெயமணி வாய்விட்டுப் படித்தபடி அடித்தது:
'செல்லப்பன் மகன் அர்த்தநாரி, வயது முப்பத்தொன்பது,
இதுநாள்வரை எவரையும்
சட்டப்படியோ வழக்கப்படியோ வேறெவ்விதத்திலுமோ...'
வேறெவ்விதத்திலுமோ என்ற இடத்தில்
விரலை நிறுத்தி என்னைப் பார்த்தது.
அடிங்க, என்றேன்.

பேரில் ஒரு தகராறு.
பத்தாவது மார்க் சீட்டில் ஹெச் இல்லை,
பாஸ்போர்ட்டில் இருக்கிறது.
இருவரும் ஒருவரே என்று இன்னொரு பத்திரம்,
இன்னொரு இருபது.
பூங்கோதை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
'மலை மேல இருக்கற சாமி பேரு.
பேர்லயே பாதி பொம்பளை இருக்கறப்ப
மணமாகலைன்னு எப்படிங்க சீல் வெக்கறது?'
சிரித்தோம். அவர் சீக்கிரம் நிறுத்திவிட்டார்.

'பொண்ணு பேருங்க?' இது ஜெயமணி.
முத்திந்தா.
'முத்தாயிங்களா?'
இல்லைங்க. எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
பெண் பேரே தேவைப்படாத பத்திரம் அது
என்று பிறகுதான் தெரிந்தது.

சோமாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு போர் போட்டோம்.
நூற்றி அறுபதில் தண்ணீர்.
எங்கள் காட்டில் ஆயிரத்து நூறு போயும்
வாயைத் திறந்து புழுதியைத்தான் துப்பியது பூமி.
கம்ப்ரசரை நிறுத்தியதும் டீச்சர் ஒருத்தி வந்து கேட்டாள்,
நீ என்ன கூட்டம் என்று.
அங்கேயும் உண்டு.
காடை என்றேன், கையை அடித்துப் பறந்து காட்டினேன்.
அவளுக்கு யானையாம்.
அப்போ வேறவேறதான், என்று சிரித்தாள்.
அந்தச் சிரிப்புக்குப் பொருள்
கொங்குநாட்டுக்காரனுக்கா விளங்காது?

சாட்சி இரண்டு வேண்டும்.
ஒன்று ரிக் முதலாளி.
இன்னொன்று, தரகர் கொளந்தைசாமி.
ஒன்பது வருசம் என் ஜாதகத்தை ரெக்சின் பையில் சுமந்து
பரமத்தி, காங்கயம், வெள்ளகோவில்,
கடைசியில் பாலக்காடு வரைக்கும் போனவர்.
எனக்குக் கல்யாணம் ஆகாததை
அவரைவிட நேரில் கண்டது யார்?

'வருசத்துல பத்து மாசம் வண்டியோட போறவனுக்கு
யாருங்க பொண்ணு குடுப்பாங்க?'
வாசல் வாசலாக அதைக் கேட்டு வந்தவர்
என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.
'செவ்வாய் நிக்குது சாமி' என்பார்,
காப்பியை ஆற்றியபடி.

கையெழுத்தைத் தமிழில், முழுப்பேராகப் போட்டார்.
சிவப்பு வட்டத்தின்மேல் இரும்புச் சீலை வைத்து
பூங்கோதை எழுந்து நின்று அழுத்தினார்.
தாளைத் திருப்பித் தடவினேன். மேடு தட்டுப்பட்டது.

இனி சென்னை, அப்புறம் டெல்லி, அப்புறம் அவர்கள் தூதரகம்.
ஒவ்வொருவரும்
முன்னவர் கையெழுத்து உண்மை என்று மட்டும் சொல்வார்களாம்.
எனக்குக் கல்யாணம் ஆகவில்லையா என்று
மறுபடி யாரும் பார்க்க மாட்டார்கள்.
அது இந்த மாடியோடு,
கொளந்தைசாமி சொன்னதோடு சரி.

படியிறங்கும்போது பையைத் திறந்தார்.
மடிப்பில் கிழிந்த ஜாதக நகல், பதினேழு.
'இதுக்கும் அங்க சீல் கேப்பாங்களா?'
வேண்டாமுங்க.
'சரி. படம் இருந்தாக் காட்டு.'

போனை வாங்கி வெயிலுக்கு மறைத்து
வெகுநேரம் பார்த்தார்.
நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்லட்டும் என்று
தாடையை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

'புள்ள பக்கத்துல என்னது, அடிபம்பா?'
ஆமாங்க, நாங்க போட்டதுதான்.
'எத்தன அடியில?'
நூத்தி அறுவது.

அதை மட்டும் அவர் நம்பவில்லை.