நாலாவது மாடிக்கு இரண்டு பெட்டிகள்

பெர்கனில் மழை என்று சொல்வது
மீன் நனைந்திருக்கிறது என்று சொல்வது மாதிரி.
ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது:
இருபத்தாறு கிலோவில் ஒரு பெட்டி,
பத்தொன்பது கிலோவில் ஒரு பெட்டி,
லிஃப்ட் இல்லாத கட்டடம்,
ஸ்டைனாருக்கு அன்றைக்குப் பார்த்து முதுகுவலி.

சிடி சுழல்வது ஒரு பெட்டியில்.
எண்கள் ஓசையாவது இன்னொன்றில்.
ஒரே கூரைக்குள் இருந்தால்
மோட்டாரின் நடுக்கம் மற்றதன் தூக்கத்தைக் கெடுக்குமாம்.
அதனால் தனிக்குடித்தனம்.
நடுவே முழ நீளத்துக்கு ஒரு வெள்ளிக் கம்பி.
கடையில் இதை நாளுக்கு நாலு தடவை சொல்கிறேன்.

கதவைத் திறந்தவர் பெயர் குன்வோர்.
முப்பத்தோரு வருடம்
கடலோர வானொலி நிலையத்தில் இரவுப் பணி.
கரகரப்புக்கு அடியில்
யாராவது மூழ்கிக்கொண்டிருக்கிறார்களா
என்று கேட்டுக்கொண்டிருந்த காதுகள்.
ஓய்வுப் பணத்தில் அக்கா படகு வாங்குவாள்
என்று நம்பியிருந்த தம்பி ஆஸ்பியோன்
சோபாவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு
வாஃபிள் தின்றுகொண்டிருந்தார்.

பிரித்தேன்.
ஒரே அலுமினியப் பாளத்தைக் குடைந்தெடுத்த உடம்பு.
திருகு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது.
முகப்பில் ஒரே ஒரு பொத்தான், தொட்டால் ஜனவரி.
மற்றவை போலத் தட்டை நாக்காக நீட்டாது இது.
மேல்மூடியைக் கையால் தள்ளி,
வட்டை வைத்து, வட்டின் நடுவில்
எடைக்கல் போல ஒரு பித்தளைக் குமிழை வைத்து,
விட்டுவிட வேண்டும். மூடி தானே வரும்.
வந்து சேரும்போது ஒரு சத்தம்,
ஈரக்கை ஒன்று ஈரக்கையைப் பற்றியது போல.
இந்தச் சத்தத்துக்காக மட்டும்
ஒருத்திக்கு இரண்டு வருடம் சம்பளம் கொடுத்தோம்
என்றார் தொழிற்சாலைக்காரர்.
நம்பினேன்.

பிறகு நாலு விநாடி. வட்டு தன் பொருளடக்கத்தை
வாசித்துக்கொள்ளும் நேரம்.
கல் தேவாலயம், ஒரு பெண் குரல், ஒரு செல்லோ.

“கீழ்ஸ்தாயி எப்படி விரிகிறது பாருங்கள்” என்றேன்.
“திரை விலகின மாதிரி” என்றேன்.
“மௌனம் எவ்வளவு கறுப்பு!” என்றும் சொன்னேன்,
கடைப் பிரசுரத்தின் ஆறாம் பக்கத்தில் இருப்பது.
குன்வோர் பாட்டு முடியும்வரை பேசவில்லை.
அப்புறம், மிக மரியாதையாக,
“இரண்டாவது பெட்டியில் விளக்கு எரியவேண்டாமா?”

கம்பியை நான் செருகியிருந்தது
அலமாரியில் கிடந்த அவருடைய பழைய கன்வெர்டரில்.
சோப்புப்பெட்டி அளவு. விலையில் அறுபதில் ஒரு பங்கு.
ஆஸ்பியோன் சிரித்த சிரிப்பில்
வாஃபிள் துகள் அலுமினியத்தில் போய் விழுந்தது.
ஸ்டைனார் ஜன்னல் வழியே மழையை ஆராய்ந்தான்.

மாற்றிச் செருகினேன். வாயைத் திறக்கவில்லை.
மறுபடி மூடி. மறுபடி நாலு விநாடி.
குன்வோர் ஒரு விரலை உயர்த்தினார்.
“பாடுவதற்கு முன் எச்சில் விழுங்குகிறாள்.”
பிறகு,
“அவளுக்கு இடப்பக்கம் யாரோ கால் மாற்றி நிற்கிறார்கள்.
ஈர பூட்ஸ்.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
தலையாட்டினேன்.
ஆஸ்பியோன் மெல்வதை நிறுத்தியிருந்தார்.

“சில ராத்திரி பொத்தானை அமுக்குவார்கள்,
பேச்சு வராது,” என்றார் குன்வோர், ரசீதில் கையெழுத்திட்டபடி.
“மூச்சு மட்டும் வரும்.
அதை வைத்துப் படகில் எத்தனை பேர் என்று எண்ணுவோம்.”
வேறெதுவும் சொல்லவில்லை.
சோப்புப்பெட்டியை எடுத்துப்போகவா என்று கேட்டேன்.
வேண்டாம், தம்பிக்கு, என்றார்.
படகு வாங்கினால் அதில் வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது மாடியில் ஷூ லேஸ் கட்ட நின்றேன்.
மேலே மூடி வந்து சேரும் சத்தம்.
நாலு விநாடி.
அந்தப் பெண் வாய் திறக்குமுன்
மறுபடி மூடி.
மறுபடி.

அத்தனை கதவு தாண்டி உனக்குக் கேட்டிருக்காது
என்கிறான் ஸ்டைனார்,
வேனைக் கிளப்பிக்கொண்டே.