எச்சம்

கப்பலூர் சிட்கோவில் எங்கள் பட்டறைக்கு
மூன்று பக்கம்தான் சுவர்.
நான்காவது பக்கம் நாற்கரச் சாலை,
சுங்கச்சாவடிக்கு ஊர்ந்து நிற்கும் லாரிகள்,
பங்குனி வெயில்.

திரும்பி வந்த கேம்ஷாஃப்ட்
சாக்கு விரித்த மேசையில் கிடக்கிறது.
உசிலம்பட்டி ஒச்சுக்காளையின் போர்வெல் வண்டியுடையது.
"எட்டு மாசங்கூடத் தாங்கலயே" என்றார்.
டீ வந்தபோது வேண்டாம் என்றார்.
அவர் போட்ட சத்தம் அவ்வளவுதான்.

ஆறாவது கேமின் மூக்கில் குழிகள்,
புழுதித் தரையில் முதல் தூறல் விழுந்த மாதிரி.
முதலாளி ஆயிலைக் குறை சொன்னார்.
லேத் முருகபூபதி, டிரைவரை.
நானும் ஆயில்தான் என்றேன்.

காலேஜ் ஆய்வகத்திலிருந்து ஜெரால்டின் வந்தாள்.
ஸ்பிரிட்டில் கலந்த அமிலம் ஒரு குடுவையில்.
பஞ்சில் தொட்டு மூக்கின்மேல் தடவிவிட்டு
வாய்க்குள் எண்ணினாள். பத்து. பதினைந்து.
ஒரே சாம்பலாய் வரவேண்டிய இரும்பில்
கறுப்பு வரிகள் எழுந்தன, சாய்வாக,
ஒன்றை அடுத்து ஒன்று.
"சாணைச் சூடுண்ணே, எரிஞ்சிருக்கு.
யார் பிடிச்சது?"

அந்த வரிகளின் இடைவெளி எனக்குத் தெரியும்.
என் கை மேசையைத் தள்ளும் வேகம் அது.

கல்லின் முகம் மழுங்கியிருந்தால்,
கூலன்ட் ஒரு விரற்கடை தள்ளி விழுந்தால்,
வெட்டவேண்டிய கல் தேய்க்கும்.
மேல்தோல் சுட்டு விரியப் பார்க்கும்;
அடியில் குளிர்ந்த இரும்பு விடாது.
ஆறும்போது சுருங்கப் பார்க்கும்;
அப்போதும் விடாது.
அந்த இழுபறி அப்படியே உறைந்துபோகும்.
வெளியே பளபளவென்று இருக்கும்,
மைக்ரோமீட்டர் சரி என்று சொல்லும்,
முகம் பார்த்துத் தலை வாரலாம்.
அன்றைக்கு நான் வாரியிருப்பேன்.

எச்சத்தகைவு. பாலிடெக்னிக்கில் இரண்டு மதிப்பெண் கேள்வி.
எனக்கு அதைவிட ஒன்பதாம் வகுப்பு இலக்கணம்தான் நினைவிருக்கிறது:
வினையெச்சம். உரசி, எரிந்து, மறைந்து.
பாதியில் நின்று
முடித்துவைக்க ஒரு சொல்லுக்குக் காத்திருப்பது.

சொல் டாப்பெட்டாக வந்தது.
நிமிடத்துக்கு எழுநூறு முறை
அந்த மூக்கின்மேல் ஏறி வழுக்கி இறங்கியது.
ஒரு முறைக்கு ஒன்றும் ஆகாது.
ஆயிரத்துக்கும் ஆகாது.
வாடிப்பட்டிப் பக்கம் ஏதோ தோப்பில்
பாறைக்குள் எண்ணூறு அடி இறங்கிய ராத்திரியில்
ஏற்கெனவே இழுபட்டிருந்த தோல்
ஒரு மயிரிழை திறந்திருக்கும்.
அதில் எண்ணெய் புகும்.
அடுத்த அழுத்தம் வந்து வாயை மூட,
உள்ளே மாட்டிய எண்ணெய் ஆப்பாகிப் பிளக்கும்.
அந்த அளவில்
ஆயில் என்று நான் சொன்னது பொய்யில்லை.

ரெஜிஸ்டரில் தேதி இருக்கிறது.
ஆவணி, செவ்வாய், இரண்டாம் ஷிஃப்ட், என் கையெழுத்து.
என்ன அவசரம் எனக்கு?
கரண்ட் போகவில்லை. திருமங்கலம் கடைசி பஸ்ஸுக்கு நேரமிருந்தது.
வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.
கல்லின் முகத்தைச் சீவ ஐந்து நிமிடம்,
வைரமுனை இழுப்பறையில்தான் கிடந்தது.
ஒரு காரணம் அகப்பட்டால்கூடப் போதும்,
அதைப் பிடித்துக்கொண்டு அழுதுவிடலாம்.
நான் தொலைத்த அந்த ஐந்து நிமிடத்தை
இரும்பு வைத்திருந்திருக்கிறது.

"அடுத்த ஷாஃப்டைக் கோயம்புத்தூர் அனுப்பிக்
குண்டு அடிச்சு வாங்குங்க" என்கிறாள் ஜெரால்டின்.
பொடிக் குண்டுகள் மாரியாய்ப் பொழிந்து
தோலை உள்ளுக்குள் நெருக்கிவிடுமாம்,
விரிசலுக்கு வாய் திறக்க இடமிருக்காதாம்.
முதலாளி எவ்வளவு ஆகும் என்கிறார்.

ஒச்சுக்காளை இன்னும் வரிகளைத்தான் பார்க்கிறார்,
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.
ஒரு தடவைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.
வெளியே ஏதோ ஒரு லாரி
கியர் மாற்றி நகர்கிறது.
கைத்துணியில் விரல் விரலாகத் துடைத்துவிட்டு
அவர் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து,