பல்லி விழுந்த பலன்

கப்பல் வராத மாதம்.
ஹாமில்டன் துறையில் ஏரி வெறும் வெள்ளைப் பலகை.
தாது இறக்கும் பழைய கிரேன்
நாலு காலையும் அகட்டிச் சும்மா நிற்கிறது.
உடம்பைக் காட்ட அதற்கு இப்போதுதான் நேரம்.

வேனின் பின்கதவைத் திறந்து
பல்லியை இறக்குகிறோம்.
ஒன்பது கிலோ. நான்கு காந்தச் சக்கரம்.
வயிற்றடியில், தட்டிவிட்டு எதிரொலி கேட்கும்
காசளவு காது.
கம்பெனி வைத்த பெயர் எழுத்தும் எண்ணுமாய் நீளும்.
பல்லி என்பது நான் வைத்தது.
ஸ்டென்கோ நாக்கில் அந்த ‘ல்லி’ வரவேயில்லை,
‘பாலி’ என்பான்,
ஏதோ விடுமுறைக்குப் போகிறவன்போல.

இடையில் காற்றுப் புகுந்தால் காது செவிடு.
அதனால் நீர் கசிந்துகொண்டே ஏறவேண்டும்.
மைனஸ் பதினான்கில் நீர் கல்.
கார்க் கண்ணாடி கழுவும் நீலத்தைக் கலந்து ஊற்றினேன்.
மூன்றாவது காலில்
நீலமாய் ஓர் எச்சில் கோடு மேலே போகிறது.
பல்லிக்கு ஏது தடம், அது நத்தைக்கல்லவா.
போகட்டும்.

பன்னிரண்டு புள்ளி ஏழு மில்லிமீட்டராய்ப் பிறந்த தகடு.
பதினொன்று புள்ளி ஒன்பது, என்கிறது திரை.
பதினொன்று புள்ளி ஆறு.
இருபது மீட்டர் உயரத்தில் பதினொன்று.
வயதுக்கு இது பரவாயில்லை, என் அம்மாவின் எலும்பைவிட.
கையுறைக்குள் விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு
கட்டைவிரலால் மட்டும் ஓட்டுகிறேன்.
ஸ்டென்கோ காப்புக் கயிற்றைப் பிடித்தபடி
சூரியகாந்தி விதை கொறிக்கிறான்.

முப்பத்தொன்றாவது மீட்டர், குறுக்குச் சட்டம் சேரும் மூலை.
எட்டு புள்ளி நான்கு.
ஏழு புள்ளி ஒன்று.
பிறகு எண் இல்லை, ஒரு சிறு கோடு.
பிறகு திரையில் வானம்,
பனிக்கட்டி,
வானம்.

கயிறு விண்ணென்று நின்றது.
விதைப் பொட்டலம் பனியில் சிதறிக் கிடந்தது.
அந்தரத்தில் சக்கரங்கள் இன்னும் சுற்றுகின்றன,
நான் விசையை விடவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஸ்கார்பரோ மளிகைக்கடை தந்த நாள்காட்டி
என் சமையலறையில் தொங்குகிறது.
பின்பக்கம் அட்டவணை:
தலையில் விழுந்தால் ஒன்று, இடது தோளில் ஒன்று,
பாதத்தில் விழுந்தால் பயணம்.
யார்மேலும் விழாத பல்லிக்கு
அதில் வரி இல்லை.

மேலாளர் பெரேய்ரா வானொலியில்:
“கருவி பிடி தவறியது என்று எழுது.
அளவு இல்லை என்று போடு.
மதியத்துக்கு மேல் மறுபடி ஏற்று.”
சரி, என்றேன்.
என் கருவிதான், என் வெட்கம்தான்.

மெதுவாய் இறக்கிக் கையில் வாங்கினோம்.
புரட்டினால்,
நான்கு சக்கரமும் சேர்த்துப் பிடித்தபடி
ஓர் உள்ளங்கை அகலத் தகடு.
ஒருபுறம் கிரேனின் மஞ்சள் வண்ணம், பளபளவென்று.
மறுபுறம் கறுப்பு, அடுக்கடுக்காய், உப்பிய அப்பளமாய்.
ஸ்டென்கோ பிய்க்கப் பார்த்தான், வரவில்லை.
உடும்பு.

அது விட்டுவிடவில்லை.
காந்தம் துருவைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.
துருதான்
இரும்பை எப்போதோ விட்டுவிட்டிருந்தது.

வண்ணம் மட்டும் இத்தனை நாள்
இரண்டும் ஒன்றென்று சொல்லிக்கொண்டு.

படிவத்தில் ‘பிடி தவறியது’ என்று எழுதியதை அடித்தேன்.
மேலே ஒரு அம்புக்குறி போட்டேன்,
எதற்கு என்று எழுத இடம் போதவில்லை.
தகட்டை உறையில் போட்டு ஒட்டி
‘மூன்றாம் கால், முப்பத்தொன்று’ என்று குறித்தேன்.

பெரேய்ரா வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
மதியத்துக்கு மேல் யாரும் எதையும் ஏற்றவில்லை.
காலைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டும்போது
காற்று அதைப் பிடுங்கிக்கொண்டேயிருந்தது.
மார்ச் கடைசியில் முதல் கப்பல்.

வேனுக்குள் ஹீட்டர் முன்னால்
பல்லியை மல்லாத்தி வைத்து
பல்துலக்கும் பிரஷ்ஷால் சக்கரம் தேய்க்கிறேன்.
துருத்தூள், கறுப்பு மயிராய்,
தட்டிவிட்டால் போய்த்
திரும்ப ஒட்டுகிறது.