வெளிப்பக்கம்

காலையில் கிளப்பும்போது மட்டும் அது பேசும்.
டிக்டிக்டிக்.
கொஞ்சம் சூடேறினால் இரும்பு பருத்து
வாயைத் தானே மூடிக்கொள்ளும்.
வால்வு சத்தம், பழைய வோல்வோ அப்படித்தான்
என்பான் தூர்பியோன்.
ஆறு குளிர்காலம் நானும்
அப்படித்தான் என்றிருந்தேன்.

பிறகு அவன் லூலியோவுக்குக் குடிபோனான்.
பனிவண்டி அவனுக்கு, கார் எனக்கு.

இந்தப் பிப்ரவரியில் தலைவலி.
இரவுப்பணி முடித்து யெல்லிவாரே மருத்துவமனையிலிருந்து
வீடு சேர்வதற்குள் ஹீட்டர் வழியே புகை வாடை.
மைனஸ் பதினெட்டில்
கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன்.
சிக்னலில் பக்கத்து லாரிக்காரன்
எனக்குப் பைத்தியமா என்று பார்த்தான்.

நான்கு கேஸ்கெட், எட்டு புது நட்டு.
சனி இரவே துருநீக்கி விட்டு ஊறவைத்தேன்.
ஞாயிறு, ஷெட்டில், பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர்.
ஏழு நட்டு முனகிக்கொண்டே வந்தன.
எட்டாவது, கை நுழையாத சந்தில்,
அசையவில்லை.
எண்ணெய் விட்டேன். அனல் காட்டினேன்.
சுவீடிஷில் திட்டினேன்.
ஃபின்னிஷில் திட்டியதும் மசிந்தது.

மேனிஃபோல்டை இரண்டு விரற்கடை பின்னுக்கு இழுக்க
கேஸ்கெட்டுகள் சல்லிக்காசுபோல் கழன்றன.
மூன்றாவதன் ஒரு விளிம்பில் மட்டும்
மை அழிந்த கண்ணாகக் கரி வழிந்திருந்தது.

ஒவ்வொன்றிலும் இரண்டெழுத்து பொறித்திருக்கும்: ஊத்.
எங்கள் மொழியில் 'வெளியே'.
எழுத்து வெளிப்பக்கம் பார்க்க வேண்டும்,
தொழிற்சாலை நம்மிடம் கேட்பது அவ்வளவுதான்.
மூன்றாவதில் மட்டும் அது
உள்ளே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது
ஆறு வருடம்.

போட்டது அவன்.
படம் எடுத்தேன். அனுப்பப் பெயரையும் தேடிவிட்டேன்.
அப்புறம்தான் ஞாபகம் வந்தது:
அன்றைக்கு விளக்குப் பிடித்தவள் நான்.
அவனுக்குத்தான் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது.
எனக்கென்ன?

படத்தை அழித்தேன்.
பித்தளைப் பிரஷ்ஷால் பரப்பைத் தேய்த்தேன்,
இரும்பு வெளுக்கும்வரை.
புதியவற்றை மாட்டினேன்: ஊத், ஊத், ஊத், ஊத்.
ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து.
நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.
முழங்கை இரண்டும் கிழிந்திருந்ததை
அப்போதுதான் பார்த்தேன்.

ஷெட் கதவை அகலத் திறந்துவைத்துக் கிளப்பினேன்.

டிக்டிக் இல்லை.
அதன் அடியில் இத்தனை நாள் ஒளிந்திருந்த
வேறொன்று கேட்டது,
பின்சக்கரப் பக்கம், லேசாக,
யாரோ சரளையில் நடப்பதுபோல.

சாவியைத் திருப்பி அணைத்தேன்.
கையில் ஒட்டிய கரி, சோப்புக்கு
மூன்று தரம் போக்குக் காட்டியது.