ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அடியில்

திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக் கம்பெனியின் கணக்கு எனக்கு.
ராத்திரியில் அஞ்சல் வழிப் புள்ளியியல், முதல் வருடம்.
குண்டடத்திலிருந்து பஸ் மாறி வந்த மயிலாத்தாள்
மேசைமேல் மஞ்சப்பையை வைத்துக் கேட்டார்:
"எங்க பக்கம் எத்தன அடியிலீங் தண்ணி?
ஒரு கணக்கா சொல்லுங்."

ஒரு கணக்காகவே சொன்னேன்.
இரண்டு வருட நோட்டில் அவர் ஊர்ப்பக்கம்
தண்ணீர் கண்ட குழி முப்பத்தேழு.
கூட்டி வகுத்தால் ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
தலையாட்டினார். விரல் மடக்கி ரூபாய் எண்ணினார்.
எனக்குத்தான் உறுத்தியது:
நோட்டில் அந்த ஆழத்தை எங்குமே பார்த்த ஞாபகமில்லை.

பழைய பில்லின் முதுகில் கோடு போட்டேன்.
அறுநூறு அறுநூறாக வெட்டியபோது
இருபது, பதினாறு, ஒன்று;
சாதுவாக இறங்கும் மூன்று படி.
எதையும் சொல்லாத படம்.
அழித்து, நூறு நூறாக வெட்டினேன்.

இருநூறில் எழும்பி நானூறுக்குள் அடங்கும் ஒரு திட்டு.
எண்ணூறில் தொடங்கி ஆயிரத்தில் முடியும் இன்னொன்று.
நடுவே நானூறு அடி அகலத்துக்கு
பென்சில் படாத வெள்ளைத் தாள்.
அந்த வெள்ளைக்குள் தனியாக நிற்கிறது என் சராசரி,
யாரும் ஏறாத ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸைப் போல.

வரிசையாக நிறுத்தினால் நடு ஆள் பத்தொன்பதாவது குழி,
முந்நூற்று எழுபத்தொன்று.
அவராவது நிஜமாக ஈரம் பார்த்தவர்.
கடைசியில், கட்டங்களை விட்டு வெகுதூரத்தில் ஒற்றைப் புள்ளி:
ஆயிரத்து நானூற்று முப்பது.
காசு இருந்தது, கோபமும் இருந்தது,
நிறுத்தாதே என்றாராம் அந்தத் தோட்டத்துக்காரர்.
அவர் ஒருவரே மொத்தச் சராசரியையும்
இருபத்து மூன்று அடி கீழே இழுத்து வைத்திருக்கிறார்.

மயிலாத்தாள் தாளை வாங்கிப் பார்த்தார்.
புத்தகத்தில் இருக்கிறபடி
இடமிருந்து வலமாக ஓடியது என் ஆழம்.
அவர் அதைக் கால்வட்டம் திருப்பினார்.
"ஆழங்கறது கீழ தானுங் போவும்?"

திருப்பியதும் அது அவர் காடு.
மேலே கொஞ்சம் ஈரம், பிறகு கல், கல்,
கல்லுக்குக் கொடுக்கிற காசு,
அதற்கும் அடியில் மறுபடி ஈரம்.

"அப்ப வராதவிய எங்கீங்?"

ஒன்பது குழிகள். ஆயிரம் அடி வரை புழுதி.
பில் போட்டோம், பணம் வந்தது, நோட்டில் பெருக்கல் குறி.
கூட்டும்போது விட்டுவிட்டேன்;
குறிகளை எப்படிக் கூட்டுவது?
ஆயிரத்துக்கும் கீழே ஒன்பது பெருக்கல் போட்டேன்,
கட்டம் இல்லாமல்,
அடியில் என்ன எண் என்று தெரியாமல்.

வெகுநேரம் அந்த ஒன்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
"நானூறு வரைக்கும் ஓட்டச் சொல்லுங்.
வல்லீனா நிறுத்திப்போடுங்.
நடுவுல நின்னு ஏமாறதுக்கு என்கிட்டக் காசு இல்லீங்."

வெள்ளிக்கிழமை வண்டி போனது.
நானூறு அடி. வெள்ளைப் புழுதி.
டிரைவர் சென்னியப்பன் போனில் சொன்னதை எழுதிக்கொண்டேன்.

பில்லின் முதுகில் இவரை எங்கே வைப்பது?
ஆயிரம் வரை போய் வறண்டவர் இல்லை.
எண்ணூறில் இருக்கலாம். எங்கும் இல்லாமலும் இருக்கலாம்.
நானூறில் ஒரு சின்னக் கோடு கிழித்து
கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டேன்.
அம்பு வெள்ளைக்குள் இறங்கியது.
எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்
பென்சிலைக் கொஞ்சநேரம் தாளிலேயே வைத்திருந்தேன்.