மூன்றாம் சக்கரம்

ஊரின் பெயருக்கு அர்த்தம் வெந்நீர்.
அகுவாஸ்காலியெந்தெஸ் என்று முழுதாய்ச் சொல்வதற்குள்
மூச்சு வாங்கும், அதுவும் இந்த உயரத்தில்.
கடலோரத்தில் ஐந்து பங்கு காற்று என்றால்
இங்கே நான்குதான்.
நுரையீரலுக்கு நஷ்டம், நெற்றிக்கு லாபம்.
பயிற்சியாளர் ஒபேத் கணக்குப் போட்டுவிட்டார்:
லாபம் பெரிது.

அதனால் ஹிலாரியோ கதவுகளை அடைக்கிறார்.
அரங்கம் இருபத்தெட்டு பாகை சூடேறும்வரை
மேயரே வந்தாலும் திறக்கமாட்டார்.
சூடான காற்று மெலிந்த காற்று.
வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தால்
நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்:
அழுத்தம் இறங்குகிறது, இன்னும் அரை நொடி மிச்சம்.
புயலைக் கண்டு பூரிக்கும் காவலாளியை
வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

எரெந்திரா, யாத்ஸிரி, புருடென்சியா, நான்.
ஒருத்தியின் டயருக்கும் அடுத்தவள் டயருக்கும் நடுவே
ஒரு சாண்.
பிரேக் கிடையாது.
கால் ஓய நினைத்தாலும் சங்கிலி விடாது,
இழுத்துக்கொண்டே சுற்றும்.

வேகம் இரட்டித்தால்
காற்று கேட்கும் உழைப்பு எட்டு மடங்கு.
எந்தக் கந்துவட்டிக்காரனும்
இப்படிக் கேட்டதில்லை.

வளைவில் மரத்தளம் சுவராய் எழும்.
இடப்பக்கம் சாய, முதலில் வலப்பக்கம்
ஒரு மயிரிழை திருப்பவேண்டும்;
கை அறியும், கேட்டால் சொல்லத் தெரியாது.
ஐம்பத்தெட்டு கிலோ நான்
அங்கே தொண்ணூறைத் தாண்டுகிறேன்.
தலை குறுக்கு வழியில் போகிறது,
சக்கரம் சுற்று வழியில்.
அந்த இரண்டு நொடிகள்
என்னைவிட என் சைக்கிள் வேகம்.

பின்னால் வருகிறவளுக்குச் சுகம்,
அது ஊரறிந்த சங்கதி.
காற்றுச் சுரங்கத்தில் புகைவிட்டுக் காட்டினார்கள்
இன்னொன்றை:
ஓடுகிறவளின் முதுகுக்குப் பின்னே
காற்று ஒரு பள்ளம் தோண்டுகிறது.
பள்ளம் அவள் இடுப்பைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கிறது,
கடைத்தெருவில் அடம்பிடிக்கும் பிள்ளை மாதிரி.
அதில் போய் இன்னொருத்தி உட்கார்ந்துகொண்டால்
பிடி தளர்கிறது.
நூற்றுக்கு இரண்டோ மூன்றோ.
வாங்கித் தின்பவள் என்று நினைத்திருந்தவள்
கொடுத்துக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

பதினாறு சுற்று.
கடிகாரம் நிற்பது மூன்றாம் சக்கரத்துக்கு.
நான்காமவள் வந்தாலும் ஒன்று
வராவிட்டாலும் ஒன்று.
அந்த நான்காமவள் நான் என்று
ஒபேத் காலைச் சிற்றுண்டியின்போது சொன்னார்,
உப்பு கேட்கிற குரலில்.

பத்தாவது சுற்றில் முன்னால் வந்தேன்.
இரண்டரைச் சுற்று காற்றோடு மல்லுக்கு நின்றேன்.
தொடை எரிந்தது, பிறகு
யாருடைய தொடையோ எரிந்தது.
எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு
மேட்டில் ஏறினேன்.
உயரம் வேகத்தை வாங்கிக்கொண்டது.
கீழே மூன்று முதுகுகள்
ஒற்றை நூலாய் உருவிக்கொண்டு போயின.

கடைசியில் புருடென்சியா.
அவளுக்குப் பின்னே நான் உட்காரவேண்டிய பள்ளம்
காலியாய் ஓடியது.

நேரம் பலகையில் விழுந்தபோது
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு நொடி
எங்களுக்குப் பாதகம்.
நான் இன்னும் தளத்தில் இருந்தேன்.
சங்கிலி காலைச் சுற்றிக்கொண்டிருக்க,
அவர்கள் கிளப்பிவிட்டுப் போன காற்று
பின்னாலிருந்து மெல்லத் தள்ளியது.

உடைமாற்றும் அறையில்
புருடென்சியா ஷூவைக் கழற்றியபடி சொன்னாள்:
நீ போனதும் முதுகு குளிர்ந்துச்சு.
அதற்குமேல் அவளும் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.

விளக்குகள் பாதி அணைந்தபின்
ஹிலாரியோ ஒரு நுழைவுச்சீட்டைக் கிழித்து
மேலிருந்து விட்டார்.
யாருமில்லாத தளத்தின்மேல்
அது நேரே விழாமல்
இடப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது.
இன்னும் ஓடுறீங்க பாரு, என்றார்.

பிறகு கதவைத் திறந்தார்.
மழை பெய்து முடிந்த காற்று,
குளிர்ந்தது, கனத்தது,
எந்தக் கணக்குக்கும் உதவாதது.
வாசற்படியில் நின்று
வாய் நிறைய வாங்கினேன்.